பழைய குளிர்ப்பியும் புதிய கணினியும்

கோலா கங்சாரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாகப் பொருத்திய கணினி ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இயங்க மறுத்துவிட்டது. கெட்டது தாய்ப்பலகை. ஐந்தாம் படிவத்தை முடித்த தம்பி, சேமித்த பணத்தைக் கொண்டு புதிய கணினி ஒன்றைத் தானே பொருத்த முடிவு செய்கிறான். பழைய பெட்டியைத் திறந்ததும் அவன் கண்ணில் படுவது அதிலுள்ள நீர்க்குளிர்ப்பி. இரண்டு கறுப்புக் குழாய்கள், இரண்டு விசிறிகள், மெல்லிய தகடுகள் அடுக்கிய ரேடியேட்டர் எல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. புதிதாக வாங்கினால் சில நூறு ரிங்கிட் ஆகும்.

“நல்லாத்தானே இருக்கு, தம்பி. இன்னொன்னு எதுக்கு?” என்கிறார் அப்பா. “தண்ணி ஓடுற பழைய சாமானை மின்சாரத்துக்குப் பக்கத்துல வைக்கலாமா?” என்று கேட்கிறார் அம்மா.

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. பழைய பொருளைத் தூக்கி எறியாமல் மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளியில் பலமுறை கேட்ட மாணவன், அப்பாவின் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் நீர்க்குளிர்ப்பி என்பது ஒரே பொருள் அன்று. பல பொருள்கள் சேர்ந்த ஒரு தொகுதி அது. அவை எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எனவே “பழையதைப் பயன்படுத்தலாமா?” என்று மொத்தமாகக் கேட்பதைவிட, “எந்தப் பகுதி பழையதாகிவிட்டது?” என்று கேட்பதே சரி. அப்பா பார்ப்பது உலோகத்தை. அம்மா அஞ்சுவது நீருக்கும் ரப்பருக்கும். முடிவு இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

கணினியின் மையச் செயலி வேலை செய்யும்போது அது பெறும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. நீர்க்குளிர்ப்பியில், செயலியின்மீது ஒரு செம்புத் தகடு அழுந்தியிருக்கும். தகட்டின் உட்புறத்தில் ஓடும் நீர் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு, குழாய் வழியே ரேடியேட்டருக்குச் செல்லும். அங்கே விசிறிக் காற்று அவ்வெப்பத்தை அறைக்குள் தள்ளிவிடும். பம்பு நீரை மீண்டும் செயலிக்கு அனுப்பும். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, சுமந்து செல்கிறது. ஒரே கன அளவு நீரையும் காற்றையும் ஒப்பிட்டால், வெப்பநிலை ஒரு பாகை உயர்வதற்குள் நீர் ஏற்றுக்கொள்ளும் வெப்பம் காற்றைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் நீர் ஓடியதற்குக் காரணம் இதுதான். வீட்டுக் கணினிகளில் இது பரவலானது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகே.

இத்தொகுதியில் ரேடியேட்டரும் செம்புத் தகடும் உலோகம். தூசியைத் துடைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். விசிறிகளும் நெடுநாள் உழைக்கக்கூடியவை. பழுதானாலும் அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் மற்றவற்றில்தான் தொடங்குகிறது.

சிக்கலைப் புரிந்துகொள்ள கோலா கங்சார் மாணவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. அவர்களுடைய ஊரின் மாவட்ட அலுவலகத்தருகே ஒரு ரப்பர் மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. 1877ஆம் ஆண்டில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோவின் காலத்தில், இந்நாட்டுக்கு முதன்முதலாக வந்த ரப்பர்க் கன்றுகள் சில இவ்வூரில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய மரம் அதுவே எனக் கருதப்படுகிறது. பின்னர்ப் பேராக் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்ததும், தமிழர்கள் பால் வெட்ட வந்ததும் மாணவர்கள் அறிந்த வரலாறு.

மரத்திலிருந்து எடுத்த ரப்பர் அப்படியே பயன்படாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்ச்சியும் பெறும் என்று கண்டறிந்தார். வாகனச் சக்கரம் முதல் நீர்க்குழாயின் வளையம் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தக் கந்தகமே. நீர்க்குளிர்ப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கை ரப்பர். என்றாலும் அதுவும் காலத்துக்கும் வெப்பத்துக்கும் கட்டுப்பட்டதே.

இதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் ஆர்க்டிக் என்ற நிறுவனம், தனது ‘லிக்விட் ஃப்ரீசர் 2’ வகைக் குளிர்ப்பிகளில் ஒரு பகுதியில் குறை இருப்பதாகத் தானே அறிவித்தது. செம்புத் தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் கந்தகம் எஞ்சியிருந்தது. அது மெல்ல மெல்லச் செம்பை அரித்தது. அரித்த இடத்தில் கசிவு ஏற்படக்கூடும் என்பதால், புதிய வளையம் அடங்கிய பழுதுநீக்கப் பொதியை அந்நிறுவனம் இலவசமாக வழங்கியது. குட்இயரின் கந்தகம் 180க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு கணினிப் பெட்டிக்குள் வந்து நின்றது என்றே சொல்லலாம். குறையை மறைக்காமல், வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்தது பாராட்டத்தக்கது. ஒரு சிறு வளையத்துக்காக முழுக் குளிர்ப்பியும் குப்பைக்குப் போகவில்லை.

எல்லாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணினிகளின் உயர்ந்த வகையில் நீர்க்குளிர்ப்பி இருந்தது. அவற்றில் பல, சில ஆண்டுகள் கழித்துக் கசியத் தொடங்கின. கசிந்த நீர்மம் உள்ளிருந்த பலகைகளையும் மின்வழங்கியையும் கெடுத்தது. அம்மாவின் அச்சம் வெறும் அச்சமன்று.

ஆனாலும் பழைய நீர்க்குளிர்ப்பிகளில் கசிவைவிட அடிக்கடி நேர்வது வேறு. ஊதிக் கட்டிய பலூன் ஓட்டை இல்லாமலேயே சில நாளில் சுருங்கிவிடுவதைப் பார்த்திருப்போம். காற்று பலூனின் சுவர் வழியே மெல்ல வெளியேறுகிறது. குளிர்ப்பியின் குழாய்ச் சுவர் வழியேயும் நீர் இப்படியே ஆவியாக வெளியேறுகிறது. ஒரு சொட்டுகூடக் கீழே விழாது. ஆனால் உள்ளே நீர் குறையும், காற்று சேரும். அக்காற்று பம்புக்குள் புகுந்தால் கொப்பளிக்கும் ஓசை கேட்கும். பம்பு தேயும், ஒரு நாள் நின்றுபோகும். பம்புகள் 50,000 மணி நேரம் உழைக்கும் என்று சில பெட்டிகளில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்று கணக்கிட்டால் 22 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. கணக்கு சரி, ஆனால் அது பம்பின் மணிக்கணக்கு மட்டுமே. கணினி நிறுத்தப்பட்டிருக்கும் இரவிலும், குளிர்ப்பி அலமாரியில் வைக்கப்பட்டிருக்கும் மாதங்களிலும் நீர் குறைந்துகொண்டுதான் இருக்கும். “ரொம்ப நாள் பயன்படுத்தவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு” என்று கூறி விற்கப்படும் பழைய குளிர்ப்பியை வாங்குவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 3 முதல் 6 ஆண்டுகள் வரையே உத்தரவாதம் தருவதும் இக்காரணத்தால்தான்.

நீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் இரண்டு வகைக் குளிர்ப்பிகளுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. பம்பு, தகடு, குழாய், ரேடியேட்டர் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி இணைக்கும் வகை ஒன்று. அதில் பழைய நீரை வடித்து, ரேடியேட்டரைக் கழுவி, குழாய்களையும் வளையங்களையும் மாற்றி, புதிய நீர்மம் நிரப்பலாம். பத்து ஆண்டுப் பழைமையான செம்பு ரேடியேட்டர்கூடப் புதிய கணினியில் தயக்கமின்றி வேலை செய்யும். மற்றொன்று ஆலையிலேயே நிரப்பி மூடிவிட்ட வகை. விலை குறைவு, பொருத்துவது எளிது என்பதால் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். கற்பனை வீட்டின் அண்ணனும் இதைத்தான் வாங்கியிருப்பார். இதில் சிலவற்றில் மட்டுமே நீர் நிரப்பத் திருகு உண்டு. மற்றவற்றில் நீர் குறைந்தால் முறையாக நிரப்ப வழியில்லை.

மூடிய வகையின் ரேடியேட்டரை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய செம்புத் தகட்டுடன் இணைக்கச் சில ஆர்வலர்கள் முயல்வதுண்டு. அது தவறான சிக்கனம். மூடிய வகையின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமும் செம்பும் ஒரே நீரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஐந்தாம் படிவ வேதியியலில் ரெடாக்ஸ் பாடம் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அலுமினியம் அரிக்கப்படும். ஆலையில் நிரப்பிய நீர்மத்தில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். அதை வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது, வீட்டிலேயே ஒரு மின்கலத்தைச் செய்து வைப்பது போன்றது.

அடுத்தது பொருந்துமா என்ற கேள்வி. இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1150, 1151, 1200 ஆகிய தாய்ப்பலகைகளில், குளிர்ப்பியைத் திருகும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர் இருந்தது. 2021ஆம் ஆண்டில் வந்த எல்ஜிஏ 1700இல் அது 78 மில்லிமீட்டர் ஆனது. வேறுபாடு மூன்றே மில்லிமீட்டர். ஆனால் அந்த மூன்று மில்லிமீட்டரால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பழைய குளிர்ப்பிகள் புதிய பலகையில் அப்படியே உட்கார மறுத்தன. ஏஎம்டி நிறுவனம் மாறாக நடந்துகொண்டது. 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏஎம்5 பலகையில், முந்திய ஏஎம்4 பலகையின் துளை அமைப்பையே வைத்துக்கொண்டது. அதனால் பெரும்பாலான பழைய குளிர்ப்பிகளை அதில் பொருத்த முடிகிறது.

துளை மாறினாலும் வழி இல்லாமல் போகவில்லை. வேண்டியது ஓர் உலோகப் பிடிமானமும் நான்கு திருகுகளும்தான். காற்றுக்குளிர்ப்பிகளைச் செய்யும் நொக்டுவா நிறுவனம், தன் பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதிய பலகைக்கான பிடிமானத்தை, வாங்கிய சான்றைக் காட்டினால் இலவசமாகவே அனுப்புகிறது. ஒரு நிறுவனத்தால் முடிவது மற்றவற்றால் ஏன் முடியாது? பிடிமானம் கிடைக்காததால் நல்ல குளிர்ப்பி குப்பைக்குப் போகுமானால், அந்தக் குற்றத்தை வாங்கியவர் தலையில் கட்டக்கூடாது. “மறுபயனீடு செய்யுங்கள்” என்ற அறிவுரை மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. துளைகளின் இடைவெளியைத் தீர்மானிப்பவர்களுக்கும், நீர் நிரப்பும் திருகைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்பவர்களுக்கும் அது முதலில் உரியது.

பொருந்திவிட்டது என்றே கொள்வோம். போதுமா? 2017ஆம் ஆண்டில் வீட்டுக் கணினிகளுக்கான உயர்ந்த செயலிகளுள் ஒன்றான கோர் ஐ7 7700கே, 91 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் கோர் ஐ9 13900கே, முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். முன்னதற்காக வாங்கிய குளிர்ப்பியைப் பின்னதன்மீது வைத்துவிட்டு, “பழையது சரியில்லை” என்று குறைகூறுவது நியாயமன்று. அதே வேளையில் 65 வாட் என்று குறிக்கப்பட்ட செயலிகளும் இன்று கடையில் உள்ளன. பள்ளி வேலைக்கும் மிதமான விளையாட்டுக்கும் அவை தாராளமாகப் போதும்.

கோலா கங்சாரின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்ப்பியைச் சோதிப்பவர்கள் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறை 21 பாகை செல்சியசில் இருக்கலாம். கோலா கங்சாரில், குளிர்சாதனம் இல்லாத அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு 32 பாகை என்பது அதிசயமன்று. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர முடியாது. எனவே அங்கே 75 பாகை காட்டிய செயலி, இங்கே ஏறக்குறைய 86 பாகை காட்டும். இது கெடுதலான எண்ணன்று. இன்றைய செயலிகள் பல 95 அல்லது 100 பாகை வரை தாங்குமாறு செய்யப்பட்டவை. வெதுவெதுப்பான நீரே போதும் என்பதற்குப் பெரிய சான்றும் உண்டு. 2012ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்சிங் நகரில் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் என்னும் மீத்திறன் கணினி, 40 பாகைக்கும் மேற்பட்ட நீரால் குளிர்விக்கப்பட்டது. வெளியேறிய சூடு, குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்க உதவியது. கோலா கங்சாரில் அந்தச் சூட்டை யாரும் கேட்கப்போவதில்லை என்பது வேறு கதை. ஆயினும் 11 பாகை குறைந்துவிட்ட இடைவெளியில், தேய்ந்த பம்புக்கு இடமில்லை. குளிர்நாட்டில் இன்னும் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் பழைய குளிர்ப்பி, இங்கே முன்கூட்டியே கைவிடலாம்.

ஆக, அந்தத் தம்பி என்ன செய்ய வேண்டும்? மூடிய வகை, வயது ஏழெட்டு ஆண்டு, புதிய செயலி அதிக வெப்பம் தருவது என்றால், அதைப் புதிய கணினியில் பொருத்தக்கூடாது. பெரிய நீர்க்குளிர்ப்பிதான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மிதமான செயலிக்கு ஏறத்தாழ நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நல்ல காற்றுக்குளிர்ப்பியே போதும். அதில் பம்பு இல்லை, ரப்பர் வளையம் இல்லை. விசிறி கெட்டால் விசிறியை மட்டும் மாற்றலாம். பத்து ஆண்டு கழித்து மறுபடியும் பயன்படுத்தத் தக்கது எது என்று பார்த்தால், பளபளக்கும் நீர்க்குளிர்ப்பியைவிட இந்தச் சாதாரண உலோகக் கட்டியே முந்தி நிற்கும். பழைய ரேடியேட்டரின் விசிறிகள் இரண்டையும் புதிய கணினிப் பெட்டியின் முன்புறத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதுவும் மறுபயனீடே.

குளிர்ப்பி மூன்று, நான்கு ஆண்டே ஆனது, ஓசையின்றி ஓடுகிறது, பிடிமானமும் கிடைக்கிறது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கும் ஒரு சோதனை தேவை. தாய்ப்பலகையில் பொருத்தும் முன், குளிர்ப்பியை மேசைமீது வைத்துப் பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓடவிட வேண்டும். கீழே வெள்ளைத் தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். குழாயை மெல்ல வளைத்துப் பார்க்கும்போது விறைப்போ வெடிப்போ இருந்தால், இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால், அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியென்றால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பெட்டிக்குள் பம்பைவிட ரேடியேட்டரின் மேற்பகுதி உயரத்தில் இருக்கும்படி பொருத்தினால், உள்ளே சேர்ந்த காற்று பம்புக்குள் போகாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. முழு வலிமை இல்லை, ஆனால் கெட்டும் போகவில்லை. அதற்கும் தோட்டப்புறத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். ஒரு காலத்தில் அம்மரத்தை வெட்டி விறகாக எரித்தார்கள். பின்னர் அதைப் பதப்படுத்தி மேசை நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று ரப்பர் மரத் தளவாடங்கள் மலேசியாவின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. பால் வற்றிய மரத்திடம் யாரும் மறுபடியும் பால் கேட்கவில்லை. அதனால் இயன்ற வேறு வேலையைக் கொடுத்தார்கள். தேய்ந்து வரும் குளிர்ப்பியையும் புதிய உயர்வேகக் கணினியில் வதைக்காமல், வெப்பம் குறைந்த பழைய செயலி உள்ள இரண்டாவது கணினியில் வைக்கலாம். தங்கை பள்ளிப்பாடம் செய்யும் கணினிக்கு அது பொருந்தும். முன்பு சொன்ன சோதனையில் தேறினால் மட்டும்.

தேறாதவற்றை என்ன செய்வது? உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு உருவானது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் மின்கழிவை எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டின்கீழ்ச் சிறப்புக் கழிவாக வகைப்படுத்துகின்றன. வீட்டுக் குப்பைத்தொட்டி அதற்குரிய இடமன்று. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய நாளிதழும் பழைய சாமானும் வாங்க வரும் லோரியிடம் கொடுத்துவிட்டால், செம்பும் அலுமினியமும் எடுக்கப்படலாம். உள்ளிருக்கும் நீர்மம் எங்கே கொட்டப்படும் என்பது தெரியாது. மின்கழிவு சேகரிப்பு மையத்திடம் குளிர்ப்பியைத் திறக்காமல் அப்படியே ஒப்படைப்பதே முறை.

திறக்காமல் என்பது முக்கியம். ஆர்வத்தில் குழாயை வெட்டி, நீர்மத்தைப் பின்கட்டுக் கால்வாயில் ஊற்றிவிடுவது எளிது. பல குளிர்ப்பிகளின் நீர்மத்தில் கிளைகோல் கலந்திருக்கும். அதில் எத்திலீன் கிளைகோல் எனும் வகை நச்சுத்தன்மை உடையது. இனிப்புச் சுவையுள்ளதால் நாயும் பூனையும் நக்கிவிடும். கோலா கங்சார், கங்சார் ஆறு பேராக் ஆற்றோடு கூடும் இடத்தில் அமைந்த ஊர். வீட்டுக் கால்வாயில் ஊற்றியது அங்கேதான் போய்ச் சேரும்.